மணல் ஈயும் நாயின் கழுத்துப்பட்டையும்

வாசலில் கட்டிப் போட்ட நாய் ஓயாமல் காதை உதறுவதைப் பார்த்திருப்பீர்கள். காது மடலின் நுனியில் நாலைந்து ஈக்கள் மொய்த்திருக்கும். தோல் புண்ணாகி இரத்தம் கசிந்து உலர்ந்திருக்கும். தொழுவத்தில் மாட்டின் கால்களைக் கடிக்கும் ஈக்கள்தாம் இவை. பார்வைக்கு வீட்டு ஈயைப் போலிருந்தாலும் இவற்றின் வாய் ஊசி போன்றது. பகலில் வந்து, கண்ணெதிரே கடிக்கும் இந்த ஈயை நாம் எளிதில் அடையாளம் கண்டு விரட்டுகிறோம்.

ஆனால் இருட்டிய பிறகு ஓசையின்றி வரும் வேறொரு ஈ உண்டு. அதற்கு மணல் ஈ என்று பெயர். நீளம் இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர்தான். சாதாரணக் கொசுவலையின் கண்களில் நுழைந்துவிடும். உடலெங்கும் மெல்லிய உரோமம். உட்காரும்போது இறக்கைகளை மேலே தூக்கி விரித்து வைத்திருக்கும். பறப்பதில் கெட்டிக்காரப் பூச்சியல்ல. தத்தித் தத்திப் போகும். பெயரில் மணல் இருந்தாலும் இதன் புழுக்கள் வளர்வது சாணமும் இலைச்சருகும் மக்கிய ஈர மண்ணிலும் சுவர் வெடிப்புகளிலுமே. முட்டையிட இரத்தம் தேவைப்படுவதால் பெண் ஈ மட்டுமே கடிக்கிறது. வெளியில் படுத்திருக்கும் நாயின் மூக்கும் காதும் அதற்கு வசதியான இடங்கள்.

இந்த ஈயிடமிருந்து நாயை எப்படிக் காப்பது? சிறிய கேள்வியாகத் தோன்றும். ஆயினும் இதற்கு விடை காண ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. நாயின் நலத்தோடு குழந்தைகளின் உயிரும் இதில் பிணைந்திருந்தது என்பதுதான் இவ்வரலாற்றின் சிறப்பு.

கதையின் தொடக்கம் நம் சென்னையிலேயே இருக்கிறது. வங்காளத்திலும் அசாமிலும் ‘காலா அசார்’ என்னும் கருங்காய்ச்சல் ஊர் ஊராக மக்களை வாரிக்கொண்டு போன காலம் அது. நீண்ட நாள் காய்ச்சல், வயிறு புடைக்கும் அளவுக்கு வீங்கும் மண்ணீரல், உடல் மெலிவு, கடைசியில் மரணம். மருத்துவம் இல்லையேல் பிழைப்பவர் மிக அரிது. கல்கத்தாவுக்கு அருகில் டம்டம் என்ற இடத்தில் இருந்து நோயுடன் இங்கிலாந்து திரும்பி இறந்த ஒரு படைவீரரின் மண்ணீரலில், 1900இல் வில்லியம் லீஷ்மன் சில முட்டை வடிவத் துகள்களைக் கண்டார். 1903 மே மாதம் அதை வெளியிட்டார். இறந்தபின் சிதைந்துபோன வேறொரு ஒட்டுண்ணியாக அவை இருக்கலாம் என்பது அவருடைய எண்ணம். அவ்வாண்டே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனவன், உயிரோடிருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலில் ஊசியால் எடுத்த இரத்தத்தில் அதே துகள்களைக் கண்டார். ஆகவே அவை சிதைவின் விளைவு அல்ல, உயிருள்ள கிருமிகளே என்பது தெளிவாயிற்று. மலேரியா ஆராய்ச்சியால் புகழ்பெற்ற ரொனால்ட் ராஸ் இருவர் பெயரையும் சேர்த்து அக்கிருமிக்கு ‘லீஷ்மேனியா டோனவானி’ என்று பெயரிட்டார்.

நாய் இக்கதைக்குள் நுழைந்தது 1908இல். வட ஆப்பிரிக்காவில் துனிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் இருந்த சார்ல் நிக்கோல், அங்கே இதே போன்ற நோய் பெரும்பாலும் சிறு குழந்தைகளையே தாக்குவதைக் கவனித்தார். குழந்தைகளிடம் கண்ட கிருமிக்கு ‘லீஷ்மேனியா இன்ஃபான்டம்’ என்று பெயர் வைத்தார். ஊர் நாய்களைச் சோதித்தபோது அவற்றின் உடலிலும் அதே கிருமி இருந்தது! நோயுற்ற நாய்க்கு உரோமம் உதிரும், உடல் இளைக்கும், நகங்கள் அளவுக்கு மீறி நீளும். ஆனால் கிருமி புகுந்த பல நாய்கள் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில், நன்றாகவே ஓடியாடிக்கொண்டிருக்கும். அத்தகைய நாய்தான் மிகவும் ஆபத்தானது.

நாயிடமிருந்து குழந்தைக்குக் கிருமியைக் கொண்டு போவது எது? மூட்டைப்பூச்சி, தெள்ளுப்பூச்சி என்று பலவற்றின் மீதும் பழி விழுந்தது. 1920களில் ஜான் சின்டன் என்ற இராணுவ மருத்துவர், இந்தியாவில் ஒரு வகை மணல் ஈ வாழும் பகுதிகளும் கருங்காய்ச்சல் பரவும் பகுதிகளும் படத்தில் ஒன்றோடொன்று பொருந்துவதைக் காட்டினார். (போரில் வீரத்துக்கு விக்டோரியா சிலுவையும், அறிவியலுக்கு ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவியும் பெற்ற ஒரே மனிதர் இவர்.) ஆயினும் ஈ கடித்து நோய் வருவதை நேரில் நிரூபிக்க முடியவில்லை. இரத்தம் குடித்த ஈக்கள் ஆய்வுக்கூடத்தில் விரைவில் மடிந்தன. கிருமியும் அவற்றின் வாய்ப்பகுதி வரை பெருகி வரவில்லை. இரத்தத்துக்குப் பிறகு ஈக்களுக்கு உலர்ந்த திராட்சைப்பழம் கொடுத்துப் பார்த்தபோது முட்டுக்கட்டை நீங்கியது! சர்க்கரைச் சாறு கிடைத்ததும் கிருமிகள் ஈயின் தொண்டையை அடைக்கும் அளவுக்குப் பெருகின. 1942இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகிய மூவர், தாமாக முன்வந்த மனிதர்களை அத்தகைய ஈக்கள் கடித்ததால் அவர்களுக்கு நோய் கண்டதை அறிவித்தனர். கடிபட இசைந்த அம்மனிதர்களையும் நாம் மறக்கலாகாது.

குற்றவாளி ஈ என்று தெரிந்தும், தண்டனை நாய்க்கே கிடைத்தது. பிரேசிலில் நோய்க்கிருமி உள்ள நாய்களைக் கண்டுபிடித்துக் கொல்லும் திட்டம் பல பத்தாண்டுகள் நடந்தது. சில இடங்களில் ஓரளவு பலன் தெரிந்தது என்றார்கள். ஆனால் எஸ்பிரித்தோ சாந்தோ மாநிலத்தில் நடந்து 1997இல் வெளியான ஆய்வு, நாய்களை அகற்றியும் மனிதரிடையே தொற்று குறையவில்லை என்று கூறியது. காரணத்தை ஊகிப்பது கடினமன்று. காவலுக்கு நாய் வேண்டும் என்பவர் ஒரு நாயை இழந்தால் இன்னொரு குட்டியை வளர்ப்பார். அந்தக் குட்டிக்கு எதிர்ப்பாற்றல் இராது. அடுத்த பருவத்தில் அதுவும் கடிபடும். ஈ இருந்த இடத்திலேயே இருக்கிறது. அன்றியும், பழகிய நாயைப் பிடித்துக்கொடுக்க எந்த வீட்டார்தான் மனமுவந்து வருவார்கள்?

வழி பிறந்தது ஒரு பூவிலிருந்து. ஏட்ரியாட்டிக் கடலோரத்து டால்மேஷியாவில் வளரும் ஒரு வகைச் சாமந்தியின் உலர்ந்த பூவைப் பொடித்துத் தூவினால் பூச்சிகள் துடித்து விழும். பைரெத்ரம் என்ற இப்பொடி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. ஆனால் வெயில் பட்டால் சில மணி நேரத்தில் இதன் வீரியம் போய்விடும். வெளியில் திரியும் நாய்க்கு இது என்ன பயன் தரும்? இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் மைக்கேல் எலியட்டும் துணைவர்களும் பூவிலுள்ள மூலக்கூற்றின் வலுவற்ற பகுதிகளை ஒவ்வொன்றாக மாற்றியமைத்தனர். 1973இல் பெர்மெத்ரின், 1974இல் அதைவிட வீரியமுள்ள டெல்டாமெத்ரின் ஆகியவை வெளிவந்தன. வெயிலைத் தாங்கும் பூச்சிக்கொல்லிகள் கிடைத்துவிட்டன.

டெல்டாமெத்ரினை நூற்றுக்கு நான்கு பங்கு கலந்த பிளாஸ்டிக் பட்டையை நாயின் கழுத்தில் கட்டினால், மருந்து சிறிது சிறிதாக வெளிப்பட்டுத் தோலின் எண்ணெய்ப் பசையில் கரைந்து உடலெங்கும் பரவும். இதற்கு ஓரிரு வாரங்கள் ஆகும். அதன்பின் உரோமத்தில் ஈ கால் வைத்ததும் அதன் நரம்புகள் கட்டுக்கடங்காமல் தூண்டப்படுகின்றன. கடிக்கும் எண்ணமே அற்று ஈ அகன்றுவிடும். பல அங்கேயே மடியும். ராபர்ட் கில்லிக் கென்ட்ரிக் குழுவினர் வலைக்கூண்டுக்குள் நாய்களையும் மணல் ஈக்களையும் ஒன்றாக விட்டுச் சோதித்தனர். பட்டை கட்டிய நாய்கள் பெரும்பாலான கடிகளிலிருந்து தப்பின. ஆறு மாதங்களைத் தாண்டியும் இப்பலன் நீடித்தது என்று 1997இல் எழுதினர்.

நாய் தப்பியது, குழந்தை தப்புமா? வடமேற்கு ஈரானில் மந்தை காக்கும் நாய்கள் இரவெல்லாம் வெளியில்தான் கிடக்கும். அங்கே கவ்கானி, கிளைவ் டேவிஸ் முதலியோர் 18 கிராமங்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, ஒவ்வொரு சோடியிலும் ஒரு கிராமத்து நாய்களுக்கு மட்டும் பட்டை அணிவித்தனர். குழந்தைகளுக்கு எந்த மருந்தும் தரவில்லை. ஓராண்டு சென்று குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்தனர். பட்டை இல்லாத ஊர்களில் நூற்றுக்கு 2.41 பேருக்குப் புதிதாகத் தொற்று ஏற்பட்டிருந்தது. பட்டை அணிவித்த ஊர்களில் 1.49 பேருக்குத்தான். 2002இல் ‘லான்செட்’ இதழில் வந்த இம்முடிவை நான் பெரிதாக மதிக்கிறேன். நோய் முற்றிலும் ஒழியவில்லை என்பது மெய்தான். நாய்கள் பட்டையைத் தொலைக்கும். உரிமையில்லாத நாய்களுக்குக் கட்டுவார் இல்லை. என்றாலும் ஒரு நாயையும் கொல்லாமல் கிடைத்த பலன் அல்லவா இது!

இதைப் படித்துவிட்டு பீகாரிலும் நாய்களுக்குப் பட்டை கட்டலாமே என்று நீங்கள் கேட்கலாம். அங்கே அது உதவாது. இந்தியக் கருங்காய்ச்சலில் மணல் ஈ கிருமியை மனிதரிடமிருந்தே மனிதருக்குக் கொண்டு செல்கிறது. நாய்க்கு அதில் பங்கில்லை. எனவேதான் இங்கே வீட்டுச் சுவர்களிலும் தொழுவங்களிலும் மருந்து தெளிக்கிறார்கள்.

நம் வீட்டு நாய்க்கோ கடிக்கும் ஈ, உண்ணி ஆகியவற்றின் தொல்லை எப்போதும் உண்டு. பட்டை வாங்குவோர் கால்நடை மருத்துவரைக் கேட்டு நாயின் வயதுக்கும் எடைக்கும் ஏற்றதை வாங்க வேண்டும். கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும்படி கட்ட வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. பெர்மெத்ரின் போன்ற மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. நாய்க்கு மருந்தாவது பூனைக்கு நஞ்சாகிவிடும்.