தோற்கருவிக் கல்வி: பாகூர் முதல் வெஸ்லியன் வரை

தமிழர் இசை வரலாற்றில் தோற்கருவிகளுக்குத் தனிச்சிறப்பு உண்டு. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை தண்ணுமை ஆசிரியனின் இலக்கணத்தைத் தனியே வகுத்துரைக்கிறது. ஆயினும், அக்கல்வியை எவர் பேணினர், எவர் புறக்கணித்தனர் என்பது ஆய்ந்து நோக்கற்பாலது.

புதுவைப் பாகூரில் கிடைத்த செப்பேடுகள் பல்லவன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்தவை. அங்கு நிலவிய வித்தியாஸ்தானத்திற்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்டதை அவை தெரிவிக்கின்றன. வித்தைகள் 14 என்பது மரபு: வேதம் நான்கு, அங்கம் ஆறு, மீமாம்சை, நியாயம், புராணம், தருமசாத்திரம். இவற்றுள் முழவுக்கு இடமில்லை. அதே பாகூரின் மூலநாதர் கோயிலிலோ ஆடற்சிற்பங்கள் காணப்படுகின்றன. ஆடல் இருந்த இடத்தில் கொட்டும் இருந்திருக்கும். அதனைக் கற்பித்தவர்க்குக் கல்லூரியில் இருக்கை இல்லை.

அவர்க்குப் புகலிடம் தந்தது கோயிற்பணியே. தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுகள் கொட்டுவோர்க்கும் நெற்பங்கு வகுத்துள்ளன. பணியாளர் இறப்பின் உறவினர் அப்பணியைச் செய்யலாம். அவர் தகுதியற்றவராயின் தகுதியுடையாரைத் தேர்ந்து அமர்த்தவேண்டும். குருதியினும் திறமே பெரிதென அன்றே உணரப்பட்டது.

கல்லூரி வாயில் வேறொரு நாட்டில் திறந்தது. வீணை தனம்மாளின் பேரரும் பாலசரஸ்வதியின் உடன்பிறந்தவருமான தஞ்சாவூர் ரங்கநாதன், பழனி சுப்பிரமணிய பிள்ளையிடம் மிருதங்கம் பயின்றவர். 1963இல் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணியேற்றார். 1970களில் அதே நிறுவனத்திற்கு ஜாஸ் முரசுக் கலைஞர் எட் பிளாக்வெல் ஆசிரியராக வந்தார். நியூ ஆர்லியன்ஸ் நகரில் 1929இல் பிறந்து, ஆர்னெட் கோல்மனுடன் வாசித்துப் புகழ்பெற்றவர் அவர். ராயல் ஹார்டிகன் முதலிய மாணவர்கள் இவ்விருவரிடமும் பயின்றனர்.

இரு மரபுகளிலும் கற்பிக்கும் முறை ஒத்திருப்பது வியப்பளிக்கும். நம்மவர் சொற்கட்டை வாயாற் சொல்லிக் கையால் தாளமிட்ட பின்னரே தோலைத் தொடுவர். அமெரிக்க முரசறைவோரும் தம் அடிப்படைப் பயிற்சிகளுக்குப் ‘பாரடிடில்’ என்பதுபோல் ஒலிக்குறிப்புப் பெயர்களையே இட்டுள்ளனர். இரண்டிலும் காதே முதல் நூல். ஏட்டிலெழுதிய குறிப்பு பின்னர் வருவதே. வேறுபாடும் உண்டு. மிருதங்கத்தில் விரல்களும் உள்ளங்கையும் பேசுகின்றன. ஜாஸ் முரசில் இரு கைகளோடு இரு கால்களும் தனித்தனி நடையில் இயங்கவேண்டும். இரண்டும் கற்ற மாணவன், ஒன்றின் நடையால் மற்றொன்றைப் புதிதாகக் கேட்கக் கற்றான்.

ரங்கநாதன் 1987இலும் பிளாக்வெல் 1992இலும் மறைந்தனர். இடையே, 1988இல் புதுவை அரசு பாகூர் செல்லும் வழியிலுள்ள அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடத்தை நிறுவி, இசையையும் நடனத்தையும் ஓவியத்தையும் பட்டப்படிப்பாக்கியது. பாகூர் வித்தியாஸ்தானம் விலக்கிய கலைக்கு அதன் அருகிலேயே இருக்கை கிடைத்தது எனலாம்.

எனினும் பட்டம் மட்டும் போதாது. வில்லியனூர்த் திருக்காமீசுவரர் தேர்த்திருவிழா போன்ற விழாக்களில், தவில் நெடுநேரம் நின்றும் நடந்தும் வாசிக்கப்படுவது. அவ்வாற்றல் வகுப்பறையில் வாராது. மூத்த கலைஞரின் பக்கத்தில் நின்றே வரும். பல்கலைக்கழகம் அத்தகைய கலைஞரையே ஆசிரியராக அமர்த்தியதுதான் வெஸ்லியன் நமக்குத் தரும் பாடம். நம் சிற்றூர்க் கொட்டுக் கலைஞர்க்கும் சான்றிதழ் வினவாது அவ்விருக்கையை அளிப்பது, பாகூர் நாட்டார் நெடுங்காலமாகத் தீர்க்காத கடனைத் தீர்ப்பதாகும்.