ரயில் ஓடாத வருஷங்களில் கூரை மாற்றியவர்கள்

ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு டிப்ளாய்மென்ட் முடிஞ்சு, தூக்கம் வராம யூட்யூபை உருட்டிட்டு இருந்தேன். ஒரு பழைய மரக் கட்டடத்துக்குள்ள யாரோ கேமராவோட நடந்து போறாங்க. உத்தரத்தை ஒட்டி நீளமா ஒரு இரும்புத் தண்டு, அதுல வரிசையா சக்கரங்கள், சக்கரத்துல இருந்து கீழே இருக்கிற லேத்துக்கு இறங்குற தோல் பெல்ட். லேத் மேல தூசி. பக்கத்துல பெஞ்ச், கருவிகள். ஏதோ டீ குடிக்கப் போனவங்க திரும்பி வராத மாதிரி இருந்துச்சு.

அவங்க போனது 1956 ஏப்ரலில். இந்த எபிசோட் அந்தப் பட்டறையைப் பத்தித்தான்.

இடம் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துல ராக்ஹில் ஃபர்னஸ் என்ற சின்ன ஊர். ரயில்வேயின் பெயர் ஈஸ்ட் பிராட் டாப். 1870-களில் போட்ட பாதை, மலையில் இருந்த நிலக்கரிச் சுரங்கங்களில் இருந்து மவுண்ட் யூனியன் என்ற ஊர் வரைக்கும் சுமார் 33 மைல். தண்டவாள அகலம் 3 அடி, அதாவது 914 மில்லிமீட்டர். நம்ம ஊட்டி ரயிலே 1000 மில்லிமீட்டர், இது அதை விடக் குறுகல். மவுண்ட் யூனியனில் ஸ்டாண்டர்ட் கேஜ் பெரிய ரயில்வேயோட சந்திப்பு. ஸ்டாண்டர்ட் கேஜ் வேகன்களை அங்கே கிரேன் வச்சுத் தூக்கி, அடியில இருக்கிற சக்கர வண்டியைக் கழட்டி, குறுகிய பாதைக்கான சக்கரத்தை மாட்டி, அப்படியே இந்தப் பாதையில இழுத்துட்டுப் போவாங்க. இன்டர்ஃபேஸ் பொருந்தலைன்னா அடாப்டர் எழுதுறோமே, அதேதான்.

தலைநகரத்துக்கோ துறைமுகத்துக்கோ போகாத சின்ன கம்பெனி, அதனால எல்லாத்தையும் தானே செஞ்சுக்க வேண்டிய நிலை. நீராவி எஞ்சின்களை ஃபிலடெல்ஃபியாவின் பால்ட்வின் கம்பெனியில வாங்கினாங்க. ஆனா பழுது பார்க்கிறது, பாய்லர் வேலை, இரும்பு வார்க்கிறது, கொல்லுப்பட்டறை, பெட்டி கட்டுறது எல்லாமே ராக்ஹில் ஃபர்னஸில் ஒரே வளாகத்துல. நிலக்கரி ஏத்துற எஃகு வேகன்களைக் கூட இங்கேயே கட்டினாங்க. 1927-ல் பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓடுற ஒரு பயணிகள் பெட்டியையும், பாகங்களை வெளியில வாங்கி, இங்கேயே கோர்த்தாங்க.

இப்போ அந்தத் தண்டுக்கு வருவோம். காலேஜ்ல ஃபிளாட் பெல்ட் டிரைவ் கணக்கு போட்டவங்க கை தூக்குங்க. டென்ஷன் விகிதம், மியூ, தீட்டா... நான் ஃபார்முலாவை மனப்பாடம் பண்ணி அஞ்சு மார்க் வாங்கினதோட சரி. அது எதுக்குன்னு அந்த வீடியோ பார்த்தப்பதான் புரிஞ்சுது. ஒரு பட்டறைக்கு ஒரே ஒரு நீராவி எஞ்சின். அது உத்தரத்தில் தொங்கும் நீளத் தண்டைச் சுத்தும். தண்டில் இருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பெல்ட். லேத்தை நிறுத்தணும்னா எஞ்சினை நிறுத்த முடியாது, மத்தவங்க வேலை கெட்டுடும். அதனால பக்கத்து பக்கத்துல ரெண்டு சக்கரம் இருக்கும். ஒண்ணு மெஷினோட பிணைஞ்சது, இன்னொண்ணு சும்மா சுத்துறது. ஒரு குச்சியால பெல்ட்டைத் தள்ளி சும்மா சுத்துற சக்கரத்துக்கு மாத்தினா மெஷின் நிக்கும். அவ்வளவுதான் ஸ்விட்ச்.

இதுல ஒரு விஷயம் என்னை ரொம்ப யோசிக்க வச்சுது. அந்தத் தண்டைத் தாங்குற பேரிங் எல்லாம் எங்கே மாட்டியிருக்கு? கட்டடத்தின் உத்தரத்துல. தண்டு நேர்கோட்டுல இருக்கணும்னா உத்தரம் நேரா இருக்கணும். உத்தரம் நேரா இருக்கணும்னா சுவர் நிமிர்ந்து நிக்கணும். சுவர் நிமிர்ந்து நிக்கணும்னா அதுக்கு அடியில படுத்திருக்கிற கனமான மரச் சட்டம் அழுகாம இருக்கணும். ஒரு மூலையில அது அழுகி சுவர் கொஞ்சம் இறங்கினா தண்டு வளையும், பெல்ட் நழுவும். அதாவது கட்டடம் மெஷினுக்குப் போட்ட கூடு இல்லை. கட்டடமே மெஷினோட ஒரு பாகம். லேத்தைத் தூக்கிட்டுப் போய் ஒரு மியூசியத்துல கண்ணாடிக்குப் பின்னாடி வச்சா லேத் இருக்கும், பட்டறை இருக்காது.

சரி, 1956-ல் என்ன ஆச்சு? வீடுகளில் நிலக்கரிக்குப் பதிலா எண்ணெயும் இயற்கை எரிவாயுவும் வந்துடுச்சு, பெரிய ரயில்வேக்கள் டீசலுக்கு மாறிடுச்சு. நிலக்கரி வாங்க ஆள் இல்லை. கம்பெனியை மொத்தமா வாங்கினவர் நிக் கோவல்சிக். அவர் தொழில் என்ன தெரியுமா? காயலான் கடை! பெரிய அளவுல பழைய இரும்பு வியாபாரம். தண்டவாளத்தைப் பிடுங்கி, எஞ்சினை வெட்டி வித்திருந்தா யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. அந்த வருஷங்களில் அமெரிக்கா முழுக்க அதுதான் நடந்துச்சு. இவர் செய்யலை. 1960-ல் பக்கத்து ஊரின் 200-வது ஆண்டு விழாவுக்கு ரயிலை ஓட்டிக் காட்டுங்கன்னு கேட்டப்போ சில மைல் பாதையைச் சரி பண்ணி, சுற்றுலா ரயிலா ஓட விட்டார். 1964-ல் அது தேசிய வரலாற்றுச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது.

பட்டறையை யாரும் தொடலை. பணம் இல்லாததால நவீனப்படுத்தலை, மனசு வராததால இடிக்கலை. நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு இடத்துல ஒரு பழைய சர்வர் இருந்துச்சு, 'தொடாதே, ஓடுது' என்று ஸ்டிக்கர் ஒட்டி. தொடாம விட்டதால அது பல வருஷம் பிழைச்சுது. தொடாம விட்டதாலயேதான் ஒரு நாள் போயும் போச்சு. இந்தப் பட்டறைக்கும் அதே நிலைமை. 1956-ன் கடைசி நாள் அப்படியே உறைஞ்சு கிடக்குன்னு ரசிக்கலாம். ஆனா மழைக்கு அந்த ரசனை தெரியாது. கூரையில ஒரு ஓட்டை, அதுல இருந்து உத்தரத்துக்கு ஈரம், அங்கே இருந்து சுவருக்கு, சுவரில் இருந்து அடிச் சட்டத்துக்கு.

இங்கேதான் ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் தி ஈஸ்ட் பிராட் டாப் வர்றாங்க. 1983-ல் ஆரம்பிச்ச தன்னார்வலர் சங்கம். வேற வேற ஊர்ல இருந்து வார இறுதியில் கார் ஓட்டிட்டு வந்து, வேலை செஞ்சிட்டுத் திரும்பிப் போவாங்க. ஜாக்கி வச்சுச் சுவரை மெதுவா உயர்த்தணும். அழுகின அடிச் சட்டத்தை வெட்டி எடுத்து, புதுச் சட்டத்தை நுழைச்சு, சுவரை இறக்கணும். கூரையை மாத்தணும். ஜன்னல் சட்டத்தைக் கழட்டி, பழைய மக்கைச் சுரண்டி, கண்ணாடியைத் திரும்பப் பதிக்கணும். இந்த மாதிரி பட்டறைகளில் சின்னச் சின்னச் சதுரமா எத்தனை கண்ணாடின்னு எண்ண ஆரம்பிச்சா தலை சுத்தும்.

இந்த வேலையில ஒவ்வொரு பலகைக்கும் ஒரு முடிவு எடுக்கணும். இதை வச்சுக்கலாமா, மாத்தணுமா? பாதி அழுகின பலகையில நல்ல பாதியை விட்டுட்டு மீதியை ஒட்டுப் போடுறதுக்கு, புதுப் பலகை அடிக்கிறதை விட அதிக நேரம் ஆகும். எனக்கு இதுல ஒரு கருத்து இருக்கு: கருவி பெஞ்சையும் மெஷினையும் தொடாதே, கூரையை ஈவு இரக்கம் இல்லாம மாத்து. கூரை பழசா இருக்கிறதுல யாருக்கும் லாபம் இல்லை.

2011 சீசனோட சுற்றுலா ரயில் நின்னு போச்சு. அடுத்து எப்போ ஓடும், ஓடுமான்னே யாருக்கும் தெரியாது. இடம் சங்கத்துடையது இல்லை, கோவல்சிக் குடும்பத்தோட சொத்து. நாளைக்கே வேற ஒருத்தருக்கு வித்தா இவங்க போட்ட உழைப்பு மொத்தமும் போயிடலாம். எஞ்சினை மினுக்கினா போட்டோ எடுப்பாங்க, நன்கொடை வரும். சுவருக்கு அடியில படுத்துட்டு சட்டம் மாத்துறவரை யார் போட்டோ எடுப்பாங்க? இருந்தும் கட்டட வேலை நிக்கலை. விசில் சத்தமே இல்லாத அந்த வருஷங்களிலும் வார இறுதியில் ஆட்கள் வந்து வேலை செஞ்சிட்டுத்தான் இருந்தாங்க.

2020-ல் ஒரு லாப நோக்கமற்ற அறக்கட்டளை ரயில்வேயை வாங்கிச்சு. அதைத் தொடங்கினவங்களில் ஒருத்தர் விக் மூர்மன், நார்ஃபோக் சதர்ன் ரயில்வேக்கும் ஆம்ட்ராக்குக்கும் தலைவரா இருந்தவர். செய்தியில எல்லாம் அவங்க பேருதான் வந்துச்சு, தப்பில்லை, பணம் அவங்களோடது. ஆனா அவங்க வாங்க வந்தப்போ வாங்குறதுக்கு ஒரு பட்டறை நின்னுட்டு இருந்துச்சு பாருங்க. பத்து வருஷம் ஒழுகின கூரையோட இருந்திருந்தா அவங்க வாங்கியிருக்கிறது விறகுக் குவியலைத்தான்.

2021-ல் முதல்ல டீசல் எஞ்சினை வச்சு ரயில் ஓடத் தொடங்குச்சு. எட்டு எஞ்சின் நிறுத்துற வட்டக் கொட்டகையில, இந்தப் பாதைக்குன்னு பால்ட்வின் செஞ்ச ஆறு மிக்காடோ நீராவி எஞ்சின்களும் இன்னைக்கும் இருக்கு, ஒண்ணு கூட வெட்டுப்படாம. அதுல 1916-ல் செஞ்ச 16-ம் நம்பர் எஞ்சின் கோவல்சிக் காலத்துல ஒரு தடவை கூட ஓடலை. 1956-ல் அணைச்ச நெருப்பை 2023 பிப்ரவரியில் திரும்ப மூட்டினாங்க. அந்த வீடியோ இருக்கு, பாருங்க, புகை அட்டகாசமா இருக்கும். பின்னாடி தெரியிற கட்டடத்தின் ஜன்னல்களையும் ஒரு தடவை பாருங்க. யாரோ ஒருத்தர் ஒவ்வொரு கண்ணாடியா பதிச்சது அது.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். உங்க காலேஜ் வொர்க்‌ஷாப் லேப்ல அரம் போட்டுத் தேய்ச்ச அந்த இரும்புத் துண்டு இன்னும் யார்கிட்டயாவது இருந்தா, படம் அனுப்புங்க. என்னோடது சதுரமா வரவே இல்லை.