சுவருக்கு அப்பாலிருந்து வந்த பாட்டு

குட்மேய்ஸிலிருந்து பார்த்தால் மிச்சம் லண்டனின் மறுகோடி. போரைவிட்டு 1986இல் தாயோடு அகதியாக வந்த மாதங்கி அருள்பிரகாசம் அங்கேதான் வளர்ந்தார். அயல்வீட்டிலிருந்து கேட்ட ஹிப்ஹொப் அவரைப் பிடித்துக்கொண்டது. நியூயோர்க் பிரொங்ஸின் வறிய கறுப்பின இளைஞர் 1970களில் தொடக்கிய இசை அது; அகதிப் பிள்ளைக்கு அந்நியமாகப் படாததில் வியப்பென்ன?

2001இல், அட்டையில் உருவம் வெட்டி வர்ணம் தெளிக்கும் தெருச்சுவர்ப் பாணியில் ஈழப்போரை ஓவியமாக்கிக் காட்சிக்கு வைத்தார். பரதத்தையும் சங்கீதத்தையும் மேடையேற்றி மகிழ்ந்த எம்மவர் பலருக்கு இவர் பாட்டு வெறும் சத்தம்.

2005இல் வெளிவந்த முதல் இசைத்தட்டு ‘அருளர்’, தந்தையின் இயக்கப்பெயர். மேலைப் பத்திரிகைகள் சில அவரைப் புலியென்றே எழுதின. அவரோ ஈரோஸை நிறுவியவர்களில் ஒருவர். இந்த வேறுபாட்டை அவர்களுக்கு யார் சொல்வது? 2007இல் வந்த அடுத்த தட்டுக்குத் தாயின் பெயர்: ‘கலா’.