கீர்த்தனையும் பறையும்: மதுரைத் திருச்சபையில் பாடற் காணிக்கை

மதுரையைச் சூழ்ந்த சிற்றூர்த் திருச்சபைகளில் அறுப்பின் பண்டிகை நாளன்று, பணம் உள்ளோர் பணமும் இல்லாதோர் நெல்லும் பூசணிக்காயும் கோழியும் கொணர்ந்து பீடத்தின் முன் வைப்பர். அவற்றை ஏலமிட்டுச் சபைநிதியில் சேர்ப்பதும் உண்டு. எதைக் கொணர்ந்தாலும் மறுப்பதில்லை என்பதே அவ்விழாவின் அழகு. புலவன் கொணரும் காணிக்கை பாட்டு. அதுவும் அவ்வாறே மறுப்பின்றி ஏற்கப்பட்டதா என வினவினால், தமிழ்க் கிறித்தவ வரலாறு எளிதில் 'ஆம்' என்று விடை கூறாது.

சீர்திருத்தக் கிறித்தவம் தமிழகம் புகுந்த தொடக்க காலத்தில், வழிபாட்டில் ஒலித்தவை பெரும்பாலும் செருமானிய மொழியிலிருந்து பெயர்க்கப்பட்ட ஞானப்பாட்டுகளே. மெட்டு அயலது, சொல் தமிழ். மெட்டுக்குப் பணிந்து குறில் நெடிலாக நீளும், நெடில் குறுகும். எதுகையும் மோனையும் இடமின்றித் தவிக்கும். இக்குறையைத் தீர்த்த பெரும்புலவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). திருநெல்வேலியில் பிறந்து, சுவார்ட்சு ஐயரால் தஞ்சைக்கு அழைத்துவரப் பெற்றவர். இரண்டாம் சரபோசி மன்னருக்கு இளமை நட்பினர். குறவஞ்சி என்னும் இலக்கிய வகையை எடுத்து அவர் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சியில், பறவை பிடிக்கும் சிங்கனின் வலையே ஆன்மாக்களைச் சேர்க்கும் நற்செய்தி வலையாகிறது. உருவமும் தமிழ், உயிர்ப்பும் தமிழ்.

ஆயின் அவர் சார்ந்த திருச்சபையே அக்காணிக்கையை ஐயுற்றது. 1820களில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனரிமார் பழைய வழக்கங்களைக் களையத் தலைப்பட்டனர். அவர்கள் இழைத்த கொடுமைகள் நான்கு எனச் சாஸ்திரியார் தரப்பினர் முறையிட்டனர். வேதமொழிபெயர்ப்பை மாற்றியது ஒன்று. பண்டிகைகளில் மலர் விலக்கியது ஒன்று. ஆலயத்தில் தமிழ்க் கீர்த்தனையும் இசையும் தடுத்தது ஒன்று. எஞ்சிய ஒன்று, எல்லாச் சாதியினரையும் ஒன்றாக அமரச் செய்தது! பாட்டுக்காக எழுந்த அதே குரல், அதே மூச்சில், அடுத்த இருக்கையில் அமர்பவனை விலக்கவும் எழுந்தது. 'ஜாதி திருத்தலின் பயித்தியம்' என 1829-இல் அவர் தனிநூலே எழுதினார். இந்நிகழ்ச்சியைச் சாஸ்திரியாரைப் போற்றும் கட்டுரைகள் பலவும் மெல்லக் கடந்து செல்கின்றன. கடந்து செல்ல வேண்டியதில்லை. அவர் பாட்டின் பெருமை இதனால் குறையாது. அவர் பாட்டு சென்ற வழியைக் காண இதுவே உதவும்.

அவ்வழி மதுரைக்கு வருகிறது. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிவந்த அமெரிக்க மிஷனரிமார் 1834-இல் மதுரையில் கால்கொண்டனர். திருமங்கலத்தில் தொடங்கிய அவர்தம் குருத்துவக் கல்விச்சாலை 1845-இல் பசுமலைக்கு இடம்பெயர்ந்தது. சாதி குறித்து மதுரை மிஷன் கடுமையானது. சாதியை விடாதோர் சபைப்பணியில் நிற்கலாகாது என 1847-இல் அது உறுதிகாட்ட, உபதேசியார் பலரும் பசுமலை மாணவர் பலரும் வெளியேறினர். அந்த மிஷனைச் சார்ந்த எட்வர்டு வெப் ஐயர்தாம், ஆறே ஆண்டுகளில், 1853-இல், கீர்த்தனைகளைத் தொகுத்து வழிபாட்டு நூலாக அச்சேற்றினார். அதில் முதலிடம் பெற்றவை முதுமையில் இருந்த சாஸ்திரியாரின் பாடல்கள். தஞ்சையில் தடுக்கப்பட்ட பாட்டை மதுரை அரவணைத்தது. அவர் எந்தச் சமபந்தியை வெறுத்தாரோ அதனை வற்புறுத்திய கைகளே அவர் பாட்டை ஊரூராகக் கொண்டுசென்றன. வரலாற்றின் முரண் இதனினும் கூர்மையாக அமைதல் அரிது.

கீர்த்தனை சிற்றூர்களில் வேரூன்றியமைக்கு அதன் அமைப்பே காரணம். பல்லவி, அனுபல்லவி, சரணம் என வரும் பாட்டில், ஒவ்வொரு சரண இறுதியிலும் பல்லவி மீளும். எழுத்தறியாதவரும் பல்லவியை இரண்டாம் முறையிலேயே பற்றிக்கொள்வர். உபதேசியார் சரணம் பாட, சபை பல்லவியில் சேரும். புத்தகம் ஒருவர் கையில் இருந்தாற் போதும். பின்னாளில் திண்டுக்கல் ஆசிரியப் பயிற்சிப்பள்ளியில் பயின்று, அவ்வூர்ச் சடையாண்டிப் பத்தரிடம் இசை கற்று, 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பேரிசைநூல் வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதரும் இவ்வட்டாரம் வளர்த்தவரே.

எனினும், ஏற்கப்பட்டது மீண்டும் வேலியாயிற்று. கீர்த்தனையின் இராகமும் தாளமும் பயிற்சி வேண்டுவன. காலப்போக்கில், தேவனுக்கு உகந்த இசை எனில் ஒன்று மேனாட்டு ஞானப்பாட்டு, இன்றேல் கர்நாடக இசைக் கீர்த்தனை என்னும் எண்ணம் சபைகளில் நிலைத்தது. சபையினருள் மிகப் பெரும்பகுதியினராகிய ஒடுக்கப்பட்ட மக்களின் தெம்மாங்கும் ஒப்பாரியும் வாசலுக்கு வெளியே நின்றன. பறை சாவுக்குரியது என விலக்கப்பட்டது. 1820களின் தஞ்சை வழக்கு, வாதியும் பிரதிவாதியும் மாறி, மீண்டும் தொடங்கிற்று என்க.

இம்முறை வழக்காடியவர் மதுரை அரசரடியில் இருந்தார். 1969-இல் அங்கு நிறுவப்பெற்ற தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் ஆசிரியர் ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு (1940–2005). 'பரட்டை' என்னும் பெயரால் மாணவர் நெஞ்சில் நின்றவர். மேனாட்டிசையிலும் பயிற்சி மிக்கவர். அறியாமையால் நாட்டுப்புறத்தை நாடியவர் அல்லர். கிராமிய மெட்டில் முழு வழிபாட்டு முறையையே அவர் அமைத்தார். பறையை ஆலயத்தினுள் அழைத்தார். பேச்சுத் தமிழே அப்பாட்டின் மொழி. பண்டிதச் செவிக்கு முதலில் அது உறுத்தியிருக்கலாம்; செந்தமிழ் பேசித்தான் கடவுளை அணுகவேண்டுமோ என்னும் வினா அதனுள் இருந்தது. 'ஒரு உலை' என்பது அவர்தம் இறையியலின் நடுச்சொல். எல்லார் அரிசியும் ஒரே உலையில் வெந்து எல்லாரும் உண்ணல். இயேசு கற்பித்த செபத்திற்கு அவர் தந்த பாட்டு வடிவத்திலும் அன்றாட அப்பம் இவ்வாறே பகிர்ந்துண்ணும் உணவாகிறது. ஒன்றாக அமர்தலைக் கொடுமையெனக் கண்ட முறையீட்டுக்கு, நூற்றைம்பது ஆண்டுகளின் பின் பாட்டாகவே வந்த மறுமொழி இது.

புலவர் கூடிய அவையில் இன்னொன்றும் நினையத்தக்கது. சாஸ்திரியார் தம் பாடல்கள் பலவற்றில், மரபுப்படி, 'வேதநாயகன்' என்னும் முத்திரையைப் பதித்தார். பாட்டு எங்குச் சென்றாலும் பெயர் உடன் சென்றது. அப்பாவுவோ, நாட்டுப்பாடலின் சிறப்பே எவரும் அதை மாற்றிப் பாடலாம் என்பதில் உள்ளதெனக் கருதினார். தம் பாட்டையும் அவ்வாறே விட்டார். மாணவர் போதகராகிச் சென்ற ஊர்களில், அவ்வூரார் சொல்லை மாற்றலாம், சரணம் சேர்க்கலாம். யார் பாட்டு என்பதையே மறந்தும் பாடலாம்.