ஊசித்துளை வந்த வழி

கொழிஞ்சாம்பாறையிலோ மறையூரிலோ தமிழ்வழியில் ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை ஊசித்துளைக் காமிரா செய்யக் கடைக்குப் போகவேண்டியதில்லை. காலி ஊதுவத்திப் பெட்டி, பவுடர் டப்பா, செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி என எது கிடைத்தாலும் சரி. ஒரு முகத்தில் சாக்லேட் உறையின் ஈயத்தாளை ஒட்டி ஊசியால் ஒரு குத்து. எதிர் முகத்தை வெட்டிவிட்டு அங்கே வெள்ளைத்தாள். தாளில் தேங்காய் எண்ணெயைத் தடவித் தேய்த்தால் வெளிச்சம் ஊடுருவும் திரை ரெடி. இரண்டு சொட்டு எண்ணெய் போதும்.

ஜன்னலைச் சாத்திவிட்டு மெழுகுவத்தி முன்னால் பெட்டியை நீட்டினால், திரையில் சுடர் தலைகீழாக நின்று ஆடும். "டீச்சர், கவுந்து எரியுது!" என்று ஒரு சத்தம் வராத வகுப்பு இருக்க முடியாது. ஒளி நேர்கோட்டில் செல்கிறது என்ற வாக்கியத்தை அதற்குப் பிறகு கரும்பலகையில் எழுதினால் போதும். அதற்கு முன்பே எழுதிப் படத்துக்கு அம்புக்குறியும் போட்டுவிட்டால், பிள்ளைகள் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அம்புக்குறியைத்தான் மனப்பாடம் செய்வார்கள். பெரும்பாலான பாடப்புத்தகங்கள் முதலில் அம்புக்குறியைப் போடுவது எனக்கு இன்றுவரை புரியாத ஒன்று.

கேரள-தமிழ்நாடு எல்லையின் இரண்டு முனைகளிலும் இந்தப் பெட்டிக்கு இரண்டு விதமான சிக்கல். ஜூனில் பள்ளி திறந்து பாடம் சூடுபிடிக்கும் நேரத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று வெளுத்து வாங்கும். கஞ்சிக்கோட்டில் காற்றாலைகளைச் சும்மா நிறுத்திவைக்கவில்லை. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் ஜன்னல் கதவு கொஞ்சம் விலகினாலும் மெழுகுவத்தி அணைந்துவிடும். மூணாறிலும் தேவிகுளத்திலும் அதே மாதங்களில் சூரியனையே பார்க்க முடியாது. மழை ஓயும் காலைகளில் மலை அதற்கு ஈடுகட்டிவிடுகிறது. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே மூடுபனியைக் கிழித்துக்கொண்டு வெயில் இறங்கும்போது ஒவ்வொரு கதிரும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும். கீழே சமவெளியில் இதையே காட்ட ஊதுவத்திப் புகையும் டார்ச்சும் வேண்டும். தேயிலைத் தோட்ட லயத்து வீட்டிலிருந்து பள்ளிக்கு நடந்துவரும் பிள்ளை பாதிப் பாடத்தை வழியிலேயே பார்த்துவிட்டுத்தான் வருகிறது. அதைக் கேட்க வகுப்பில் ஒருவர் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

இந்தப் பெட்டியின் பூர்வீகம் பழையது. கி.மு. 4ஆம் நூற்றாண்டையொட்டி, சீனச் சிந்தனையாளர் மோ-சுவின் வழிவந்தவர்கள் தொகுத்த நூலில் இதன் தத்துவம் இருக்கிறது. காலிலிருந்து வரும் ஒளி துளையைத் தாண்டி மேலே விழுகிறது, தலையிலிருந்து வருவது கீழே விழுகிறது, ஆகவே உருவம் கவிழ்கிறது என்று காரணத்தோடு சொல்லியிருக்கிறார்கள். கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் கேள்வித் தொகுப்பு வேறொரு புதிரைப் போட்டது: பிரம்புத் தட்டியின் சதுர ஓட்டை வழியே வரும் வெயில் தரையில் ஏன் வட்டமாக விழுகிறது?

பழைய ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் புதிர் புதிதல்ல. ஓடு விலகிய சந்து கோணல்மாணலாக இருக்கும். தரையில் விழும் வெயில் பொட்டு மட்டும் வட்டமாக இருக்கும். புளியமரத்தடியிலும் அப்படித்தான்: இலைகளுக்கு இடையிலான சந்துகளுக்கு உருவமே கிடையாது, நிழலுக்குள் கிடக்கும் வெளிச்சக் காசுகள் எல்லாம் வட்டம்.

இந்தப் புதிரின் விடைக்கு வருவதற்கு முன் கெய்ரோவைத் தாண்டவேண்டும். பாஸ்ராவில் 965ஐ ஒட்டிப் பிறந்தவர் இப்னு அல்-ஹைதம். நைல் நதியைக் கட்டுப்படுத்துகிறேன் என்று கெய்ரோவின் கலீஃபாவிடம் ஒப்புக்கொண்டு, முடியாது என்று தெரிந்ததும் பைத்தியம்போல் நடித்து வீட்டுக்காவலில் கிடந்தார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, ஒளியியல் பற்றி அவர் எழுதிய பெருநூல் நிஜம். கண்ணிலிருந்து ஏதோ புறப்பட்டுப்போய்ப் பொருளைத் தொடுகிறது என்ற பழைய எண்ணத்தைத் தள்ளிவிட்டு, பொருளிலிருந்து கண்ணுக்கு ஒளி வருகிறது என்று நிறுவியவர் அவர். அவருடைய சோதனை ஒன்று எந்த வகுப்புக்கும் அப்படியே பொருந்தும். இருட்டு அறையின் துளைக்கு வெளியே விளக்குகளை வரிசையாக வைக்கவேண்டும். உள்ளே சுவரில் விளக்குக்கு ஒன்றாகப் பொட்டுகள் விழும். ஒரு விளக்கை மறைத்தால் ஒரு பொட்டு மட்டும் காணாமல் போகும்.

ஊசித்துளைப் பெட்டியோடு மூன்று மெழுகுவத்தி வைத்து இதைச் செய்யலாம். வலது ஓரத்துச் சுடரைக் கையால் மறைக்கப்போகிறோம், எந்தப் பொட்டு போகும் என்று முன்கூட்டியே கேட்டுவிடவேண்டும். வகுப்பில் பாதி வலது என்று சொல்லும். மறைத்துப் பார்த்தால் போவது இடது பொட்டு. மூன்று சுடரின் ஒளியும் ஒரே துளையில் நெருக்கியடித்து நுழைந்தாலும் ஒன்றோடொன்று முட்டிக் கலைவதில்லை, தன் வழியில் போய்க்கொண்டே இருக்கிறது. கவிழ்ந்த சுடரைவிட எனக்கு வியப்பு இதுதான்.

நம் பக்கத்திலும் இந்தத் துளை இருந்திருக்கிறது. ஹம்பி விருபாட்சர் கோயிலில் இருட்டறை ஒன்றின் சுவரில் ராஜகோபுரம் தலைகீழாக விழுவதை இன்றும் வழிகாட்டிகள் காட்டுகிறார்கள். ஜெய்ப்பூரில் ஜெய்சிங் 18ஆம் நூற்றாண்டில் கட்டிய வானாய்வுக் கூடத்தில், கூரைத் துளை வழியே நண்பகல் சூரியனின் பிம்பத்தை அளவுகோலில் விழவைக்கும் இருட்டறைகள் உண்டு.

இனி வெயில் பொட்டு. அதற்குத் திருத்தமான விடை ஐரோப்பாவில் 1604இல் அச்சேறியது. எழுதியவர் யோஹானஸ் கெப்ளர். அவர் பயன்படுத்திய கருவி நூல், நிஜமாகவே தையல் நூல் மாதிரி ஒரு நூல். உயரத்தில் ஒரு புத்தகத்தை வைத்தார், அதுதான் சூரியன். அதற்குக் கீழே பல கோணங்கள் கொண்ட ஓட்டை போட்ட பலகை. புத்தகத்தின் ஒரு மூலையிலிருந்து நூலை இழுத்து, ஓட்டையின் விளிம்பை உரசியபடியே சுற்றிவந்து, தரையில் நூல் தொட்ட இடங்களையெல்லாம் குறித்தார். ஓட்டையின் உருவம் தரையில் வந்தது. அடுத்த மூலை, அதற்கடுத்த மூலை, பிறகு விளிம்பு நெடுக. தரையில் ஓட்டையின் உருவங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து குவியக் குவிய, மொத்த எல்லைக்கோடு புத்தகத்தின் உருவமாகிவிட்டது.

வகுப்பில் இதற்கு மூன்று பேர் வேண்டும். ஒருவர் அலமாரி மேல் இருக்கும் புத்தகத்தின் மூலையில் நூலைப் பிடிக்க, ஒருவர் முக்கோண ஓட்டை போட்ட அட்டை வழியே நூலைத் தளராமல் இழுக்க, ஒருவர் தரையில் சாக்பீஸால் குறிக்க. நூல் தளர்ந்தால் கணக்கு தப்பும், ஒளிக்குத் தளரத் தெரியாது. ஒரு மூலைக்கு ஒரு முக்கோணம். அரைமணியில் தரை முழுக்க முக்கோணங்கள், அவற்றின் வெளிவரம்பு செவ்வகம். சந்து எப்படியிருந்தாலும் பொட்டு வட்டமாக இருப்பதன் ரகசியம் இதில் வெளிவந்துவிடும்: பொட்டு என்பது சூரியனின் பிம்பம். மெழுகுவத்தி கூடத் தேவைப்படாத இந்தச் சோதனையைப் பாடப்புத்தகத்தில் நான் பார்த்ததில்லை. ஆடிக்காற்றில் கொழிஞ்சாம்பாறைக்கு இதைவிடத் தோதான சோதனை கிடையாது.

பிம்பம் என்று தெரிந்துவிட்டால் அளக்கலாம். துளைக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தைப் பொட்டின் குறுக்களவால் வகுத்தால் 108ஐ ஒட்டி ஓர் எண் வரும். 5.4 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் பொட்டு 5 சென்டிமீட்டர். சூரியன் இருக்கும் தூரம் ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் என்பதைப் புத்தகத்திலிருந்து எடுத்து 108ஆல் வகுத்தால் சூரியனின் விட்டம் 13.9 லட்சம் கிலோமீட்டர் என்று வரும். கிட்டத்தட்ட உண்மை அதுதான். ஸ்கேலும் ஊசியும் வைத்து சூரியனை அளந்த பிள்ளையிடம் அறிவியல் கஷ்டம் என்று யாரும் சொல்லிப் பார்க்கட்டும்.

பள்ளிக்கூடத்துக்குள் இந்தப் பெட்டி நுழைய வேறொரு பாதை வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது பல நாடுகளில் சோதனைச்சாலைகள் இடிபாடாகக் கிடந்தன. அங்குள்ள ஆசிரியர்களுக்காக, கையில் கிடைப்பதை வைத்துச் சோதனை செய்யும் வழிகளை லண்டன் ஆசிரியர் ஜே. பி. ஸ்டீஃபன்சன் தொகுக்க, யுனெஸ்கோ 1948இல் வெளியிட்டது. அது வளர்ந்து 1956இல் அறிவியல் ஆசிரியர்களுக்கான மூலநூலாகிப் பல மொழிகளுக்குப் போனது. இந்தியாவில் 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில், சோதனை செய்தே படிக்கும் திட்டம் தொடங்கியது. அங்கே போய்வந்த பொறியாளர் அரவிந்த் குப்தா குப்பையிலிருந்து பொம்மை செய்யும் கலையை நாடெங்கும் கொண்டுபோனார். முப்பது வருஷம் ஓடிய அந்தத் திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. பெட்டி அதற்குள் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்திருந்தது.

தெற்கே அதைச் சுமந்தவர்கள் இரண்டு பக்கமும் உண்டு. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1962இல் கோழிக்கோட்டில் தொடங்கியது. குழந்தைகளுக்கான அதன் இதழ் 'யுரீக்கா' 1970இல் வந்தது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980இல் பிறந்தது, அதன் 'துளிர்' 1987இல். இந்த எல்லைப் பிள்ளைகள் இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள். 1956 நவம்பர் 1 வரை பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டம், சித்தூரில் பெரும்பகுதி பழைய கொச்சி, தேவிகுளமும் பீர்மேடும் பழைய திருவிதாங்கூர். கோடு மாறியபின் தமிழ்ப் பிள்ளைகள் கேரளப் பாடத்திட்டத்தைத் தமிழில் படிக்கிறார்கள். அவர்களுக்கான தமிழ்ப் பாடநூலை அச்சிடுவது கேரள அரசுதான். அக்கா தமிழ்நாட்டுப் பக்கம் கட்டிக்கொடுக்கப்பட்டிருந்தால் விடுமுறைக்குப் போன வீட்டில் 'துளிர்' கிடைக்கலாம். ஒரே துளை, இரண்டு வழி.

2020 ஜூன் 1ஆம் தேதி, கொரோனாவால் பள்ளிகள் திறக்காமலே, 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் கேரள அரசின் விக்டர்ஸ் கல்விச் சேனலில் தொடங்கின. தமிழ்வழிப் பிள்ளைகளுக்கும் பாடங்கள் வந்தன. அந்தக் காலத்துக்கு அது பெரிய காரியம், குறை சொல்ல மனம் வராது. ஆனாலும் ஒளியைப் பற்றிய பாடத்தைத் திரையில் பார்ப்பதில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்தது. பாடம் ஓடிய அந்தப் போனின் முதுகிலேயே துளை இருந்த இடத்தில் லென்ஸ் வைத்த அதே பெட்டி உட்கார்ந்திருந்தது.

லென்ஸ் வந்தும் துளை ஓய்வுபெறவில்லை, கிரகணங்களின் தயவில். 2019 டிசம்பர் 26ஆம் தேதி கங்கண சூரிய கிரகணத்தின் பாதை காசர்கோடு, கண்ணூர், வயநாடு வழியாக நீலகிரி, கோயம்புத்தூர், திண்டுக்கல் பக்கம் போனது. பாதையின் தெற்கு ஓரம் பாலக்காட்டை ஒட்டி இருந்தது. அதற்குத் தெற்கே இடுக்கியில் சூரியன் மெலிந்த பிறையானது. சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று பெட்டியைத் தோளுக்கு மேல் பிடித்தவர்களுக்குக் கண்ணுக்கு ஆபத்தில்லாமல் பிறை கிடைத்தது. பெட்டி இல்லாதவர்களுக்கு மரம் இருந்தது: நிழலுக்குள் கிடந்த வெளிச்சக் காசுகள் அத்தனையும் பிறைகளாகிவிட்டன. அன்று கிறிஸ்துமஸ் விடுமுறை. வகுப்பாகக் கூடிப் பார்க்க வாய்ப்பில்லாமல் போனது.

இந்தப் பக்கத்துக்கு அடுத்த கங்கணம் இடுக்கிக்கே வருகிறது. 2031 மே 21, புதன்கிழமை. பைனாவு, கூடலூர், மதுரை என்று பாதை இந்த எல்லையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும், அதுவும் உச்சிவெயில் நேரத்தில். இன்றைய நாட்காட்டி மாறாவிட்டால் அன்றும் விடுமுறைதான், இந்த முறை கோடை விடுமுறை. மார்ச் கடைசியில் பள்ளி மூடும்போதே பெட்டிகளைப் பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்பிவிட்டால் நல்லது.