பத்ருல் புதூர் யாஸ்மீன் ஆன கதை

மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட வேளை ஒரு காலத்தில் நம் இல்லங்களில் கதைக்குரிய வேளையாக இருந்தது. முற்றத்தில் பாய் விரித்து, பேரக் குழந்தைகளைச் சுற்றிலும் அமர்த்திக்கொண்டு, நபிமார்களின் வரலாற்றில் தொடங்கி, ஜின்களும் பரிகளும் உலவும் நெடுங்கதைகளில் கொண்டுபோய் விடுவார் வீட்டின் மூத்த பெண்மணி. அவ்வேளையை இன்று திரை எடுத்துக்கொண்டது. அலாவுத்தீன் கதையில் வரும் இளவரசி யாரென்று நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். யாஸ்மீன் என்பார்கள், அவள் வளர்க்கும் புலியைப் பற்றியும் சொல்வார்கள். மூலக் கதையில் அப்பெயரும் இல்லை, புலியும் இல்லை. அங்கே அவள் பெயர் பத்ருல் புதூர். முழு நிலவுகளுக்கெல்லாம் முழு நிலவு என்பது அதன் பொருள்.

பெயர் மாறியது சிறிய செய்தி. பெயரோடு சேர்ந்து வேறு என்னென்ன மாறின, அம்மாற்றத்தால் நமக்கு நேர்ந்தது என்ன என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

ஐரோப்பியக் கதைகளின் நிலை

கார்ட்டூன் திரைப்படங்கள் நாட்டுக் கதைகளை மாற்றுவது கீழ்நாட்டுக் கதைகளுக்கு மட்டும் நேர்ந்த விதியன்று. வால்ட் டிஸ்னி 1937-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட ‘ஸ்நோ ஒயிட்’ படத்தையே எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812-இல் அச்சிட்ட கதையே அதன் மூலம். அந்த முதற் பதிப்பில், அழகில் தன்னை மிஞ்சிய சிறுமியைக் கொல்லத் துணிபவள் பெற்ற தாயேதான். தாய்மையின் பெயர் கெடலாகாது என்றோ என்னவோ, 1819-ஆம் ஆண்டுப் பதிப்பில் அவளைச் சிற்றன்னையாக மாற்றிவிட்டார்கள். ஆக, மாற்றும் வேலையைத் தொடங்கியது திரைப்படமன்று, அச்சுப் புத்தகமே.

கிரிம் கதையில் குள்ளர்களின் வீடு துப்புரவாக இருக்கின்றது. திரையிலோ அது தூசும் தும்புமாகக் கிடக்கின்றது. அதைப் பெருக்கித் துடைப்பதே இளவரசி அங்கே செய்யும் முதல் வேலை. கிரிம் கதையில் அவளை எழுப்புவது முத்தமும் அன்று. பெட்டியைச் சுமந்து சென்றவர்கள் இடறியதால், தொண்டையில் சிக்கியிருந்த நச்சு ஆப்பிள் துண்டு வெளிவந்தது. அவள் கண் விழித்தாள். முத்தம் திரை சேர்த்த அணிகலன்.

சிண்ட்ரெல்லாவின் வரலாறு இன்னும் நீண்டது. மிதியடியைக் கொண்டு மணமகளைத் தேடும் கதை, கிரேக்க நிலநூலாசிரியர் ஸ்டிராபோவின் நூலில், எகிப்து நாட்டில் நடந்ததாக வருகின்றது. கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் துவான் செங்ஷி என்னும் சீன அறிஞர் யெ ஷியன் என்ற பெண்ணின் கதையாக இதனை எழுதி வைத்தார். பூசணிக்காய் வண்டியும் கண்ணாடிக் காலணியும் பிரான்ஸின் சார்ல் பெரோ 1697-இல் வெளியிட்ட கதையில் வருபவை. 1950-ஆம் ஆண்டுத் திரைப்படம் அவரையே பின்பற்றியது. கிரிம் கதையின் பெண்ணுக்கோ உதவிக்கு வரும் தேவதை இல்லை. தன் தாயின் கபுறின் மீது தானே நட்டுக் கண்ணீர் விட்டு வளர்த்த மரத்தினிடம் அவள் கேட்கிறாள். துரத்தி வரும் இளவரசனிடமிருந்து தப்ப, பேரிக்காய் மரத்தில் ஏறுகிறாள். திரையிலிருக்கும் சிண்ட்ரெல்லா மரம் ஏறுவதில்லை.

டென்மார்க்கின் ஆண்டர்சன் 1837-இல் எழுதிய கடற்கன்னி கதைக்கு நேர்ந்தது இவற்றினும் பெரிய இழப்பு. அவருடைய கடற்கன்னி இளவரசனை மட்டும் நாடியவள் அல்லள். அழியாத ஆன்மாவை நாடியவள். கடல்வாழ் மக்கள் இறந்தால் நுரையாகிப் போவார்கள், மனிதர்க்கோ மறுமை உண்டு என்று கேள்விப்பட்டு, அந்த மறுமைக்காக நாவை இழந்தாள். ஒவ்வோர் அடியும் கத்திமேல் நடப்பது போன்ற வேதனையை ஏற்றாள். இளவரசன் வேறொருத்தியை மணந்தபோதும், அவனைக் கொன்று தான் தப்பிக்க மறுத்தாள். 1989-இல் வந்த திரைப்படத்தில் அவளுக்குத் திருமணம் கிடைத்தது. ஆன்மாவின் தேட்டம் மறைந்தது. மறுமையை நம்பும் நமக்கு எது பெரியது என்று சொல்ல வேண்டுவதில்லை.

திரையில் ஒரு பரிபானு

கார்ட்டூன் நாயகிகளின் வரிசை ஸ்நோ ஒயிட்டோடு தொடங்குவதாகப் பலர் எண்ணுகின்றனர். அதற்குப் பதினோராண்டு முன்னரே, 1926-இல், லோட்டே ரைனிகர் என்னும் ஜெர்மானியப் பெண்மணி, கறுப்புத் தாளைக் கத்தரித்து நிழலுருவங்களாக அசைத்து ‘இளவரசர் அஹ்மதின் வீரச் செயல்கள்’ என்ற முழுநீளப் படத்தை உருவாக்கியிருந்தார். இன்று எஞ்சியுள்ள முழுநீளக் கார்ட்டூன் படங்களில் மிகப் பழமையானது அதுவே. அதன் நாயகி பரிபானு. ஆயிரத்தோர் இரவுகளின் பெண்.

அச்சிட்ட கதையில் பரிபானு, இளவரசர் அஹ்மதைத் தானே தேர்ந்துகொள்கிறாள். அவர் எய்த அம்பு நெடுந்தொலைவு போய் விழுமாறு செய்து, அதைத் தேடி வருபவரைத் தன் மாளிகை வாயிலில் வரவேற்கிறாள். பரிகளின் குலத்தில் கணவனைத் தெரிந்தெடுக்கும் உரிமை பெண்ணுக்கே உண்டு என்று நாணாமல் எடுத்துரைக்கிறாள். படத்திலோ அவள் நீராடுகையில் அஹ்மத் அவளுடைய இறகாடையைக் கவர்ந்துகொண்டு, அவளைத் தூக்கிச் செல்கிறார். இந்த இறகாடை, பஸராவின் ஹஸன் கதையிலிருந்து எடுத்து ஒட்டப்பட்டது. இரு கதைகள் இணைந்ததில், தேர்ந்தெடுத்தவள் கவரப்பட்டவளாகிவிட்டாள்.

ஹலபிலிருந்து வந்த இளைஞர்

பரிபானுவின் கதையும், அலாவுத்தீனின் கதையும், அலிபாபாவின் கதையும் ஒரே வாயிலிருந்து வந்தவை என்பது பலரும் அறியாத செய்தி.

அந்துவான் கலான் என்ற பிரெஞ்சு அறிஞர், சிரியாவிலிருந்து கிடைத்த பழைய அரபுக் கையெழுத்துப் படியைக் கொண்டு, 1704 முதல் ‘அல்ஃபு லைலா வலைலா’வைத் தம் மொழியில் வெளியிட்டு வந்தார். கைவசமிருந்த கதைகள் தீர்ந்துபோயின. வாசகர்களின் ஆவல் தீரவில்லை. அந்நிலையில் 1709-இல், ஹலப் நகரத்து மரோனிய கிறிஸ்தவ இளைஞர் ஹன்னா தியாப் என்பவரைப் பாரிஸில் அவர் சந்தித்தார். பால் லூக்கா என்னும் பயணியோடு துணையாள் போல வந்தவர் அவர். கலான் தம் நாட்குறிப்பில், ஹன்னா சொன்ன 16 கதைகளைப் பதிந்திருக்கிறார். அற்புத விளக்கின் கதையை அவர் சொன்னது 1709 மே மாதத்தில். 1712-இல் அது அச்சாயிற்று. புத்தகத்தில் ஹன்னாவின் பெயர் இல்லை.

அலாவுத்தீன் கதைக்குப் பிற்காலத்தில் அரபுக் கையெழுத்துப் படிகள் ‘கண்டெடுக்கப்பட்டன’. அவை கலானின் பிரெஞ்சிலிருந்து திரும்ப அரபுக்கு மாற்றி எழுதப்பட்டவை என்பதை முஹ்சின் மஹ்தி என்ற பேரறிஞர் நிறுவினார். கலான் கையாண்ட பழைய சிரியப் படியை 1984-இல் செம்மையாகப் பதிப்பித்தவரும் அவரே.

ஹன்னா தாயகம் திரும்பித் துணி வாணிபம் செய்தார். முதுமையில், 1764-இல், தம் பயண வரலாற்றை அரபு மொழியில் எழுதி முடித்தார். அந்நூல் வத்திக்கான் நூலகத்தில் பெயர் தெரியாமல் கிடந்தது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலேதான் அது அவருடையதென்று தெரியவந்தது. 2015-இல் பிரெஞ்சிலும் 2021-இல் ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டது. பதினான்காம் லூயி மன்னரின் வெர்சாய் அரண்மனையைத் தாம் கண்டதை அதில் வியந்து வருணிக்கிறார். அலாவுத்தீன் எழுப்பிய மாளிகையில் வெர்சாயின் சாயல் படிந்திருக்கலாம் என ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். கதைகளைச் சொன்னதைப் பற்றியோ சில வரிகளே எழுதியிருக்கிறார். உலகமே தம் கதையைப் பேசும் என்பதை அவர் எங்ஙனம் அறிவார்!

இளவரசியின் இரு வடிவங்கள்

இப்போது பத்ருல் புதூரைக் காண்போம். அவள் வாழ்ந்தது அரபு நாட்டிலன்று. சீன நாட்டில் என்றே கதை கூறுகின்றது. அங்கே அலாவுத்தீன் ஒரு தையற்காரரின் மகன். ஹம்மாமுக்குச் செல்லும் வழியில் இளவரசியின் முகத்தை ஒளிந்திருந்து காண்கிறான். அவளுக்கு வஸீரின் மகனோடு திருமணமாகிவிட, ஜின்னின் துணையால் மணக்கட்டிலையே தூக்கிவரச் செய்கிறான். அந்த இரவுகளில் இளவரசி அச்சத்தால் நடுங்குகிறாள். அவள் மனத்தை எவரும் கேட்கவில்லை. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. பழையது என்பதனாலேயே ஒரு கதை குற்றமற்றதாகிவிடாது.

ஆனால் கதையின் பிற்பகுதியில் அவள் வேறு பெண். மக்ரிப் நாட்டு மாந்திரீகன் மாளிகையோடு அவளை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோய்விட்டான். தேடிவந்த அலாவுத்தீன் ஒரு பொடியைக் கொடுத்து உபாயத்தைக் கூறுகிறான். அதை நடத்திக் காட்டுபவள் அவளே. துயரத்தை மறைத்து, முகத்தில் மலர்ச்சி காட்டி, பகைவனை விருந்துக்கு அழைத்து, உரையாடி, கோப்பையை மாற்றிக் கொடுத்து அவனைச் சாய்க்கிறாள். கணவன் ஒளிந்து காத்திருக்க, வென்றவள் மனைவி.

1992-ஆம் ஆண்டு டிஸ்னி படத்தின் யாஸ்மீனுக்கு முற்பகுதியில் வாய் திறந்தது. வந்த வரன்களை மறுக்கிறாள்; தான் பந்தயப் பொருளல்லள் என்று கோபிக்கிறாள். இது நல்ல மாற்றமே. ஆயின் பிற்பகுதியில் அவள் பகைவனை மயக்குவதுபோல் நடித்து ஒரு கணம் திசை திருப்புகிறாள், அவ்வளவே. பிறகு மணற்கடிகாரத்துள் அடைபட்டு, மீட்பவனுக்காகக் காத்திருக்கிறாள். வெற்றி அலாவுத்தீனின் கைக்குப் போய்விட்டது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொண்ட கணக்கு இது.

இழுக்கு யாருக்கு?

அதனினும் கவலை தருவது அவளைச் சுற்றி வரையப்பட்ட உலகம். பசித்த சிறுவனுக்கு யாஸ்மீன் ஓர் ஆப்பிளை எடுத்துக் கொடுக்கிறாள். கடைக்காரன் அங்கேயே அவள் கையை வெட்டக் கத்தியை ஓங்குகிறான். விசாரணையும் சாட்சியும் காழியின் தீர்ப்பும் இன்றி எவனும் தண்டனை வழங்க ஷரீஅத் இடம் தந்ததில்லை. பஞ்ச காலத்தில் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் திருட்டுக்குரிய தண்டனையையே நிறுத்திவைத்ததாக வரலாறு கூறும். பசிக்காக எடுத்த ஆப்பிளுக்குக் கை என்பது எவருடைய சட்டம்? அவ்வாறே, இளவரசி விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் குறித்த நாளுக்குள் மணமுடிக்க வேண்டும் என்பது அந்நாட்டின் சட்டமாம். பெண்ணின் சம்மதமின்றி நிகாஹ் கூடாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் அறிவித்ததைப் படம் எடுத்தவர்கள் அறியார் போலும்.

கொடிய அமைச்சனுக்கு அவர்கள் இட்ட பெயர் ஜஅஃபர். கலீஃபா ஹாரூன் ரஷீதின் வஸீராக இருந்து 803-இல் கொல்லப்பட்ட ஜஅஃபர் பர்மகீயின் பெயர் அது. ஆயிரத்தோர் இரவுகளில் அவர், மாறுவேடத்தில் நகர்வலம் வரும் கலீஃபாவின் உற்ற துணைவர். 1940-இல் வந்த ‘பாக்தாத் திருடன்’ படத்திலேயே அப்பெயர் வில்லனுக்குச் சூட்டப்பட்டுவிட்டது. கார்ட்டூன் அதை உலகக் குழந்தைகள் எல்லோர் மனத்திலும் பதித்துவிட்டது.

படத்தின் தொடக்கப் பாடல், முகம் பிடிக்காவிட்டால் காதை அறுக்கும் நாடு என்று அரபு மண்ணை வருணித்தது. அமெரிக்க வாழ் அரபு மக்களின் அமைப்பு கண்டித்ததன்பேரில் 1993-இல் அவ்வடி மாற்றப்பட்டது. காட்டுமிராண்டித்தனம் என்று பொருள்படும் சொல் அப்படியே நின்றது. 2019-இல் நடிகர்களைக் கொண்டு மீண்டும் எடுத்த படத்திலேதான் அதுவும் நீங்கியது.

கதைதானே என்று தள்ளிவிடலாகாது. 2015 டிசம்பரில் அமெரிக்கக் கருத்துக்கணிப்பு நிறுவனமொன்று, அக்ரபா நகரின்மீது குண்டு வீசலாமா என்று கேட்டது. குடியரசுக் கட்சி வாக்காளர்களில் 30 விழுக்காட்டினர் வீசலாம் என்றனர். ஜனநாயகக் கட்சியினரிலும் 19 விழுக்காட்டினர் அவ்வாறே கூறினர். அக்ரபா என்பது அந்தக் கார்ட்டூன் படத்தின் கற்பனை நகரம். யாஸ்மீன் வாழ்ந்த ஊர்! உலகப் படத்தில் இல்லாத ஊரென்றாலும், ஒலியில் அரபு மணம் வீசினால் போதும், குண்டுக்கு உரியதாகிவிடுகின்றது. குழந்தைப் பருவத்தில் விதைத்தது வாக்குரிமைப் பருவத்தில் முளைக்கின்றது.

நாம் செய்யத்தக்கது

ஹன்னா சொன்ன மற்றொரு கதையில் மர்ஜானா என்னும் அடிமைப் பெண் வருகிறாள். கதவில் திருடன் இட்ட அடையாளத்தைக் கண்டு, அக்கம்பக்கத்துக் கதவுகளிலெல்லாம் அதே அடையாளத்தை இட்டு அவனை ஏமாற்றியவள் அவள். கலான் அக்கதைக்கு இட்ட முழுத் தலைப்பிலேயே, நாற்பது திருடரையும் ஒழித்தது ஓர் அடிமைப் பெண் என்று குறித்திருந்தார். காலப்போக்கில் தலைப்பில் அலிபாபாவும் திருடரும் மட்டும் எஞ்சினர்; அவள் உதிர்ந்துபோனாள். 1956-இல் வந்த தமிழ்ப் படத்துக்கும் பெயர் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’தான். அதில் பானுமதி ஏற்ற மார்ஜியானா வேடத்தை நம் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள்.

திரையைச் சபிப்பதால் பயனில்லை. பிள்ளைகள் பார்க்கத்தான் செய்வார்கள்; அதில் அழகும் உண்டு, நகையும் உண்டு. கதை மாறுவதும் குற்றமன்று. ஹன்னாவும் மாற்றினார், கலானும் மாற்றினார், நம் வீட்டு மூதாட்டியும் ஒவ்வோர் இரவும் மாற்றித்தான் சொன்னார். ஆனால் அவர் பிள்ளையின் முகத்தைப் பார்த்து மாற்றினார். தன் குலத்தை இழிவுபடுத்த மாற்றவில்லை. வேறுபாடு இங்கேதான் இருக்கின்றது.

ஆகவே படம் முடிந்ததும் பிள்ளையை அருகில் அழைத்துக்கொள்ளுங்கள். அந்த இளவரசியின் உண்மைப் பெயர் பத்ருல் புதூர் என்று தொடங்குங்கள். மாந்திரீகனின் கோப்பையை அவளே மாற்றினாள் என்று சொல்லுங்கள். ஜஅஃபர் நல்லவர் என்று சொல்லுங்கள். அதன்பின் பிள்ளை கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்லத் தொடங்கினால் இஷாவின் பாங்கு கேட்கும்வரை நேரம் போவது தெரியாது. கதைக்குரிய அந்த வேளை நம்மிடமிருந்து முற்றிலும் பறிபோய்விடவில்லை.