புகைக் கட்டுப்பாட்டுக் கருவி எஞ்சினின் பலத்தைக் குறைக்குமா?

புதிதாக டிராக்டர் வாங்குகிறவர்கள் இப்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "சைலன்சரில் ஏதோ வடிகட்டி வச்சிருக்காங்க, அதைக் கழட்டிட்டா இழுவை கூடும்னு பட்டறையில சொல்றாங்களே, நிஜமா?" என்று. இந்தப் பேச்சு இன்று நேற்று வந்ததல்ல. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் கார் வைத்திருந்தவர்களும் இதையேதான் கேட்டார்கள். அந்தக் காலத்தில் அதில் நியாயமும் இருந்தது. அது எப்படி வந்தது, எப்படி மாறியது என்று பார்த்தால் நம்ம டிராக்டரை எப்படி வைத்துக்கொள்வது என்பதும் விளங்கிவிடும்.

பயிர்தான் முதலில் சொன்னது

கலிபோர்னியா மாநிலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் என்று ஒரு நகரம். 1943-ம் வருஷக் கோடையில் அந்த ஊரைப் புகைமூட்டம் சூழ்ந்தது. ஜனங்களுக்குக் கண் எரிந்தது, தொண்டை கமறியது. அடுத்த வருஷம் சுற்றுவட்டாரக் காய்கறித் தோட்டங்களில் ஒரு புது நோய் தெரிந்தது. கீரை இலைகளின் அடிப்பக்கம் வெள்ளிப் பூச்சு பூசினமாதிரி மினுமினுத்து, பிறகு கருகியது. பூச்சியும் இல்லை, பூஞ்சாணமும் இல்லை.

இதை ஆராய்ந்தவர் ஹாகன்-ஸ்மிட். ஹாலந்து நாட்டில் பிறந்தவர். கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் அன்னாசிப் பழத்தின் மணம் எதனால் வருகிறது என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். 1950-ஐ ஒட்டிய வருஷங்களில் அவர் உண்மையைக் கண்டுபிடித்தார். கார் புகையில் வருகிற எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் கலந்து ஓசோன் என்ற வாயுவாக மாறுகின்றன. அந்தப் புகைக்கலவையைக் கீரை, பீட்ரூட், ஓட்ஸ், குதிரைமசால் செடிகள் மேல் விட்டுப் பார்த்தார். வயலில் கண்ட அதே சேதம் வந்தது. ஆக, மோட்டார் புகையின் குற்றத்துக்குப் பயிரே சாட்சி சொன்னது.

முதல் கருவி: ஒரு சின்ன வால்வு

எஞ்சின் ஓடும்போது பிஸ்டன் ஓரமாகக் கொஞ்சம் வாயு கசிந்து, கீழே ஆயில் இருக்கும் அறைக்கு இறங்கும். முன்பெல்லாம் அதை ஒரு குழாய் வழியாக வெளியே விட்டுவிடுவார்கள். 1961 மாடலிலிருந்து கலிபோர்னியாவிலும், 1963 மாடலிலிருந்து அமெரிக்கா முழுவதிலும், அந்த வாயுவைத் திரும்ப எஞ்சினுக்கே இழுத்து எரிக்கிற வால்வு ஒன்றைப் பொருத்தினார்கள்.

இதனால் பலம் குறையவில்லை. ஆயிலில் சேர்கிற ஈரமும் பெட்ரோல் ஆவியும் வெளியேறியதால் ஆயிலில் கசடு படிவது குறைந்தது. ஆனால் ஒன்று. வால்வு அடைத்துக்கொண்டால் எஞ்சின் நின்ற இடத்தில் ஒழுங்காக ஓடாது, சீல் வழியாக ஆயில் கசியும். நன்மையும் வந்தது, கூடவே ஒரு பராமரிப்பு வேலையும் வந்தது. பின்னால் வந்த எல்லாக் கருவிகளுக்கும் இது பொருந்தும்.

நியாயமான புகார்

1970-ல் அமெரிக்க அரசு தூய காற்றுச் சட்டம் போட்டது. கார் புகையில் எரியாத ஆவியையும் கார்பன் மோனாக்சைடையும் 1975-க்குள் 90 சதவீதம் குறைக்க வேண்டும் என்றது. கம்பெனிகள் என்ன பண்ணினார்கள் தெரியுமா? பழைய எஞ்சினையே வைத்துக்கொண்டு ஒட்டுப் போட்டார்கள். தீப்பொறியைத் தாமதமாக விழவைத்தார்கள். கார்புரேட்டரில் பெட்ரோலைக் குறைத்துக் காற்றைக் கூட்டினார்கள். எரிந்த புகையில் ஒரு பங்கைத் திரும்ப சிலிண்டருக்கே அனுப்புகிற இ.ஜி.ஆர். வால்வை 1973 வாக்கில் சேர்த்தார்கள். எஞ்சினின் அமுக்க விகிதத்தையும் இறக்கினார்கள்.

விளைவு, வண்டி முக்கியது, திணறியது. மைலேஜ் இறங்கியது. எஞ்சின் சூடேறியது. அந்தக் கால ஜனங்கள் குறைப்பட்டதில் தப்பே இல்லை. பலபேர் ரப்பர் குழாய்களைப் பிடுங்கி அடைத்தும் விட்டார்கள்.

இங்கே இன்னொரு சங்கதியும் உண்டு. 1972 வரை அங்கே ஃபேன், சைலன்சர் முதலானவை இல்லாமல் எஞ்சினைத் தனியாக ஓட்டித்தான் குதிரைத்திறனை அளந்தார்கள். அதற்குப் பிறகு அதெல்லாம் மாட்டியபடியே அளந்தார்கள். அதனால் காகிதத்தில் தெரிந்த இறக்கத்தில் ஒரு பங்கு, அளவுகோல் மாறியதால் வந்தது.

எஞ்சினே மாறியது

1975 மாடல்களில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வந்தது. சைலன்சருக்கு முன்னால் ஒரு டப்பா. அதன் உள்ளே பிளாட்டினம், பல்லேடியம் என்ற உலோகப் பூச்சு. புகை அதன் மேல் படும்போது விஷ வாயு எரிந்து தணிகிறது. சுத்தம் செய்கிற வேலை டப்பாவுக்குப் போய்விட்டதால், எஞ்சினின் தீப்பொறியைத் திரும்பச் சரியான நேரத்துக்குக் கொண்டுவர முடிந்தது. மைலேஜும் ஏறியது.

ஆனால் அந்த டப்பாவுக்கு ஈயம் எமன். அந்நாள் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அதனால் 1974 ஜூலையிலிருந்து அங்கே ஈயம் இல்லாத பெட்ரோலும் விற்றார்கள். மாற்றி ஊற்றாமல் இருக்க, புது வண்டிகளின் டேங்க் வாயையும் சிறிதாக்கினார்கள். விலை குறைவு என்று புனல் வைத்து ஈயப் பெட்ரோலை ஊற்றினவர்களும் உண்டு. அவர்களுடைய கன்வெர்ட்டர் வீணாய்ப் போனது. சரியான பெட்ரோல் போட்டவர்களுக்கோ ஸ்பார்க் பிளக்கும் சைலன்சரும் முன்னைவிட நீண்ட நாள் உழைத்தன.

அதே 1975-ல் ஜப்பானின் ஹோண்டா கம்பெனி, எரியும் அறையையே மாற்றி அமைத்து, கன்வெர்ட்டர் இல்லாமலே அந்தக் கட்டுப்பாட்டை எட்டியது. 1977 மாடலில் சுவீடன் நாட்டு வோல்வோ, புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கிற ஒரு உணர்கருவியை வைத்தது. 1 கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்ற கணக்கு பிசகாமல் கலவை சேர்ந்தது. பின்னாளில் கம்ப்யூட்டரும் இன்ஜெக்‌ஷனும் வந்து, சின்ன எஞ்சின்களே பழைய பெரிய எஞ்சின்களின் பலத்தைத் தந்தன. ஒட்டுப் போட்டபோது போன பலம், எஞ்சினை மாற்றி அமைத்தபோது திரும்பி வந்தது.

நம்ம நாட்டில்

இந்தியாவில் 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதுப் பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. 2000-ல் நாடு முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோல் வந்தது. டிராக்டருக்குப் புகைக் கட்டுப்பாடு 1999-ல் ஆரம்பித்தது. 2020 ஏப்ரல் முதல் கிடைக்கிற பாரத் ஸ்டேஜ்-6 டீசலில், பத்து லட்சம் பங்குக்கு 10 பங்குதான் கந்தகம். அதற்கு முந்தின டீசலில் 50 பங்கு. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புது டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் 'டிரெம்-4' என்ற கடுமையான விதி வந்திருக்கிறது.

இந்த விதிப்படி வந்த டிராக்டர்களில் பெரும்பாலும் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டு இன்ஜெக்‌ஷன், இ.ஜி.ஆர். வால்வு, டி.பி.எஃப். எனும் கரி வடிகட்டி ஆகியவை உண்டு. வடிகட்டியில் கரி சேர்ந்தால் ஏறத்தாழ 600 டிகிரி சூட்டில் அது தானே எரிந்துபோகும். இதற்குக் கொஞ்சம் டீசல் செலவாகும்; வண்டி விலையும் கூடத்தான். ஆனால் எஞ்சினே இந்தக் கருவிகளோடு சேர்த்து அமைக்கப்பட்டது. இன்னத்தனை குதிரைத்திறன் என்று கம்பெனி சொல்வதும் இவற்றை எல்லாம் வைத்துக்கொண்டுதான். விளக்கு எரிந்தும் கவனிக்காமல் விட்டால், எஞ்சினைக் காப்பாற்ற கம்ப்யூட்டரே இழுவையைக் குறைத்துவிடும். அப்போது குற்றம் கருவியுடையது அல்ல, பராமரிப்பினுடையது.

கவனிக்க வேண்டியவை

1. நம்பகமான பங்க்கில் டீசல் வாங்குங்கள். கலப்படமும் தண்ணீரும் இன்ஜெக்டரைக் கெடுக்கும்.

2. கம்பெனி சொன்ன ரக ஆயிலையே ஊற்றுங்கள். கரி எரிந்துபோகும், ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது, வடிகட்டியிலேயே தங்கும்.

3. ஏர் ஃபில்டரை வேளாவேளைக்குக் கவனியுங்கள். காற்று குறைந்தால் கரி கூடும்.

4. வேலையில்லாமல் மணிக்கணக்கில் எஞ்சினை ஓடவிடாதீர்கள். சூடு போதாமல் வடிகட்டி அடைக்கும். உழவு, ரோட்டாவேட்டர் மாதிரி கனத்த வேலை அதற்கு நல்லது.

5. வடிகட்டி எரிந்து சுத்தமாகிற நேரத்தில் விளக்கு காட்டும். அவசியமில்லாமல் எஞ்சினை நிறுத்தாதீர்கள். வைக்கோல், சருகு மேல் வண்டியை நிறுத்தவும் கூடாது, தீப்பிடிக்கும்.

6. சில வண்டிகளுக்கு யூரியாக் கரைசல் ஊற்ற வேண்டும். அதற்கென்று விற்கிற 32.5 சதவீதக் கரைசலையே வாங்குங்கள். வயலுக்குப் போடுகிற வேப்பெண்ணெய் பூசிய யூரியாவைக் கரைத்து ஊற்றினால் கருவி அடைத்துக்கொள்ளும்.

7. கழட்டச் சொல்கிற யோசனையைக் கேட்காதீர்கள். அது சட்டத்துக்கு விரோதம். உத்தரவாதமும் போய்விடும்.

கரும்புகை கக்குகிற எஞ்சின் பலமான எஞ்சின் என்று நம்மில் சிலர் நினைக்கிறோம். அப்படியல்ல. அந்தக் கருப்பு, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டீசல், எரியாமல் போவது. அதை முதலில் மூச்சில் இழுப்பவரும் இருக்கையில் உட்கார்ந்து ஓட்டுகிற நீங்கள்தான். விளக்கு எரிந்தால் அன்றைக்கே பாருங்கள். எஞ்சினும் உழைக்கும், நெஞ்சும் தாங்கும்.